இறந்தவருக்கு வந்த ஆறாயிரம்

அப்பா இறந்தது 2021 ஜூனில். அதற்குப் பிறகு மத்திய அரசு அவருக்கு மூன்று முறை பணம் அனுப்பியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 9, 2022 ஜனவரி 1, 2022 மே 31. ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் ரூபாய்.

இது எனக்குத் தெரிய வந்தது 2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது. வத்தலக்குண்டில் பஸ் மாறுவதற்கு முன் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா கொடுத்தனுப்பியிருந்த பாஸ்புக்கை வங்கியில் பதிந்து வாங்கினேன். அப்பா, அம்மா இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கு. பெரும்பாறை தாண்டி பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது சும்மா புரட்டிப் பார்த்தேன். பி.எம்.கிசான் என்று மூன்று வரிகள். தேதிகளைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபமில்லை, ஒரு மாதிரியான கூச்சம். இறந்தவர் பெயருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியது போல.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "ஆமா, வந்துச்சு. அப்பா பணந்தான? எடுத்து அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேன்."

"எந்தப் புள்ள?"

"பீன்ஸ் போடுற புள்ள. வேற யாரு."

இந்தக் கட்டுரை அந்த ஆறாயிரம் ரூபாயைப் பற்றியது. சின்னத் தொகைதான். பெங்களூரில் ரெண்டு பேர் ஒரு சனிக்கிழமை ராத்திரி வெளியே போனால் தீர்ந்துவிடும். ஆனால் அது யாருடைய பணம் என்ற கேள்விக்கு மூன்று வருஷமாக என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது தாண்டிக்குடிப் பக்கம், கீழ்ப்பழனி மலை. தாலுகா கொடைக்கானல்தான். ஆனால் "ஓ, கொடைக்கானலா" என்று நண்பர்கள் கேட்கும்போது அவர்கள் மனதில் இருக்கும் ஏரியும் ஹோம்மேட் சாக்லேட்டும் எங்கள் ஊரில் கிடையாது. எங்களுடையது காப்பி, மிளகு, ஆரஞ்சு, வாழை. தாத்தா காலத்தில் எல்லாம் மலைவாழைதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகுமே, அந்தச் சின்ன விருப்பாச்சிப் பழம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. 2008-இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "பழம் போயிருச்சு, பட்டம் வந்திருச்சு" என்று அப்பா சொன்னார். காப்பிக்கு அவர் மாறியது இப்படித்தான்.

எங்கள் பூமி மொத்தம் மூணேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டு ஏக்கர் காப்பி, மரங்களில் மிளகுக் கொடி. மீதி ஒன்றேகால் ஏக்கர் ஓடையை ஒட்டிய காய்கறிப் பூமி. அதை ஒரு குடும்பம் குத்தகைக்குப் பார்க்கிறது. பார்க்கிறது என்றால் அந்த அக்காதான் பார்க்கிறார். புருஷன் லாரியில் போய்விடுவார். பீன்ஸ், பட்டர் பீன்ஸ், ஒரு ஓரமாகச் சௌசௌப் பந்தல். விடியற்காலையில் மூட்டை கட்டி வேனில் ஏற்றினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கோ வத்தலக்குண்டுக்கோ போகும். குத்தகை வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம். எழுத்தில் எதுவும் கிடையாது. தை மாசம் வாசலில் உட்கார்ந்து பேசுவதுதான் ஒப்பந்தம்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். பி.எம்.கிசான் 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதம் 24-ஆம் தேதி கோரக்பூரில் தொடங்கப்பட்டது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. முதலில் ரெண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்ததும், 2019 ஜூன் முதல், நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பத்துக்கும் என்று விரித்தார்கள். விலக்குகளும் உண்டு. வருமான வரி கட்டுகிறவர்கள், அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர்கள் தவிர), மாதம் பத்தாயிரத்துக்கு மேல் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், எம்.பி., எம்.எல்.ஏ., டாக்டர், வக்கீல், என்ஜினியர் யாருக்கும் கிடையாது. (அந்த என்ஜினியர் தொழில்முறை அமைப்பில் பதிவு செய்து தொழில் நடத்துகிறவராக இருக்க வேண்டும். சாஃப்ட்வேர்காரர்களுக்கு அப்படி ஒரு அமைப்பே கிடையாது. ஆகவே அந்த வரியில் நான் மாட்ட மாட்டேன், வருமான வரி வரியில்தான் மாட்டுவேன்.)

குடும்பம் என்பதற்கும் வரையறை இருக்கிறது: கணவன், மனைவி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள். சம்பாதிக்கும் வளர்ந்த மகன் அந்தக் குடும்பத்தில் சேர மாட்டான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை: நிலம் ஆவணத்தில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்காரருக்குக் கிடையாது. கூலிக்குப் போகிறவருக்குக் கிடையாது. திட்டத்தின் பெயரில் 'கிசான்' இருக்கிறது, கணினி தேடுவது பட்டாவை.

அப்பா இதற்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்தினார். சிறு விவசாயி, ஓய்வூதியம் இல்லை, வரி இல்லை. 2019-லேயே பதிந்துவிட்டார். அவர் போனபின் நடந்ததை இப்போது வரிசையாகப் பார்க்கும்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது. 2022 தொடக்கத்தில் பட்டா என் பெயருக்கு மாறியது. அம்மாவும் தங்கச்சியும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி மூன்று பேருக்கும் சமபங்கு. ஆனால் "எல்லாம் ஒரே பேர்ல இருந்தா லோனுக்கு, வில்லங்கத்துக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பத்திர ஆபீஸில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தங்கச்சி அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஆக, 2022 மே 31 அன்று எங்கள் பூமியில் நான்கு பேர் இருந்தார்கள். காப்பியைப் பார்ப்பது அம்மா. பறிப்புக்கு ஆள் கூப்பிடுவது, பழம் எடை போடுவது, மிளகு காயவைப்பது எல்லாம் அவர். பீன்ஸைப் பார்ப்பது அந்த அக்கா. பட்டாவில் இருப்பது நான், ஊரிலிருந்து ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், லேப்டாப் முன்னால். பயனாளிப் பட்டியலில் இருப்பது அப்பா, பதினோரு மாதத்துக்கு முன் எரித்தாகிவிட்டது. மண்ணில் கை வைத்த ரெண்டு பேரையும் அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்த ரெண்டு பேரில் ஒருவர் உயிரோடு இல்லை, இன்னொருவனுக்குக் களை எடுக்கத் தெரியாது.

அந்தப் பொங்கல் ராத்திரி அம்மாவிடம் நான் பேசியது முழுக்க சட்டம். "இது தப்பும்மா. இறந்தவங்க பேர்ல பணம் எடுக்கக் கூடாது. தகவல் சொல்லியிருக்கணும்."

"நாம யார்ட்டயாவது போயி பொய் சொன்னமா? அவுகளா அனுப்புனாக."

"தெரியாம அனுப்பினாங்க."

"தெரியாம அனுப்புனதுதான் கரெக்டான ஆளுக்குப் போயிச் சேந்துச்சு. தெரிஞ்சு அனுப்பியிருந்தா போயிருக்குமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இன்னும் சத்தமாகச் சட்டம் பேசினேன்.

நான் வேலை பார்ப்பது பணப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் மென்பொருளில். யார் உண்மையான வாடிக்கையாளர், யார் போலி என்று பிரிப்பதுதான் தொழில். இதில் ரெண்டு வகைத் தவறு உண்டு. தகுதியில்லாதவரை உள்ளே விடுவது ஒன்று. தகுதியுள்ளவரை வெளியே நிறுத்துவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்க வலையை இறுக்கினால் இன்னொன்று கூடும். பொது நலத் திட்டங்களைப் பற்றிய விவாதம் எல்லாமே கடைசியில் இந்த ரெண்டில் எதைத் தாங்கிக்கொள்வது என்பதில்தான் போய் நிற்கிறது.

முதல் வகைத் தவறு எவ்வளவு பெரிதாகப் போகும் என்பதற்குத் தமிழ்நாடே ஒரு பாடம். 2020 கொரோனா மாதங்களில், சில மாதத்துக்குள், மாநிலத்தில் பி.எம்.கிசான் பயனாளிகள் எண்ணிக்கை 39 லட்சத்திலிருந்து 45 லட்சமாக ஏறியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம் என்று 13 மாவட்டங்கள். அதிகாரிகளின் லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் வெளியே போய், தரகர்கள் கம்ப்யூட்டர் சென்டர்களில் உட்கார்ந்து ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், தொகை சுமார் 110 கோடி ரூபாய். ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

அந்தச் செய்திகளை அன்றைக்கு நான் ஒரு என்ஜினியராகத்தான் படித்தேன். பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று குழுவில் மீம் போட்டோம். இப்போது திரும்பப் படிக்கும்போது வேறு இடத்தில் கண் நிற்கிறது. அந்த ஐந்தரை லட்சம் பேர் யார்? நிறையப் பேர் நிலமில்லாத கூலிக்காரர்கள். கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினார்கள் என்று பலர் சொன்னதாகச் செய்தி வந்தது. தரகருக்குக் கமிஷன் போனது. பிறகு பணத்தைத் திருப்பி வாங்கியது அவர்களுடைய கணக்கிலிருந்துதான், ஊரடங்கு வேலையைத் தின்றுவிட்ட அதே வருஷத்தில். மோசடி நடந்தது உண்மை, பணத்தை மீட்டதும் சரி. ஆனாலும் நிலமே இல்லாத ஒரு நாற்று நடும் பெண்ணைப் பார்த்து "நீ விவசாயி இல்லை, கொடு" என்று சொல்லும் வாக்கியத்தில் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது.

இறந்தவர்களுக்குப் பணம் போவது நமக்கு மட்டும் உரிய சாபமில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2007-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 1999 முதல் 2005 வரை அமெரிக்க வேளாண் துறை 1,72,801 இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் விவசாய உதவித்தொகை அனுப்பியிருந்தது. (நம்மூர் 110 கோடி ரூபாய், அங்கே 110 கோடி டாலர். எண்ணுக்குக்கூட ஒரு நகைச்சுவை உணர்வு இருக்கிறது.) எல்லாமே மோசடி அல்ல, இறந்தவரின் சொத்தின் பேரில் சில காலம் பணம் வாங்க அங்கே விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதில் சுமார் 40 சதவீதம் இறந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் பெயரில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வேறு வகைத் தலைவலி. நிலப்பரப்புக்குக் காசு என்று வைத்ததில் விமான நிலையங்களும் விளையாட்டு மைதானங்களும் ரியல் எஸ்டேட் நிறுவனங்களும் விவசாயி ஆகிவிட்டன. புல் இருக்கிறதல்லவா. 2013 சீர்திருத்தத்தில் 'செயலில் உள்ள விவசாயி' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்து அவர்களை வெளியே தள்ளப் பார்த்தார்கள். விவசாயி என்ற சொல்லுக்கு முன்னால் 'செயலில் உள்ள' என்று போட வேண்டி வந்ததே போதும், பிரச்சினையைச் சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் அக்காவுக்குப் பணம் கிடைக்காதது நான் சொன்ன இரண்டாவது வகைத் தவறே அல்ல. மென்பொருளில் தவறு என்பது வரையறையோடு ஒப்பிட்டுச் சொல்வது. வரையறையே குத்தகைக்காரரைச் சேர்க்கவில்லை என்றால் அவரை வெளியே நிறுத்துவது சரியான விடை. பச்சை டிக் விழும். டெஸ்ட் கேஸில் இல்லாதது எந்தக் காலத்திலும் பக் ஆகாது. அப்பாவுக்கு மூன்று தவணை போனது மட்டும்தான் அந்த அமைப்பின் கண்ணில் பிழை. நான் சரிசெய்யத் துடித்ததும் அதை மட்டும்தான்.

வரையறையை வேறு மாதிரி எழுதவே முடியாதா? எழுதியிருக்கிறார்கள். ஒடிசாவின் காலியா திட்டம் பி.எம்.கிசானுக்கு ஒரு மாதம் முன்னால் வந்தது. நிலமில்லாத விவசாயக் குடும்பங்களுக்கும் குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கும் அதில் இடம் வைத்தார்கள். மேற்கு வங்கத்தின் கிருஷக் பந்துவில் பதிவு பெற்ற வாரக்காரர்கள் உண்டு. ஆந்திராவில் 2019-இல் வந்த ரைது பரோசாவில் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களைச் சேர்த்தார்கள். மறுபக்கம் தெலங்கானாவின் ரைது பந்து 2018-இல் ஏக்கருக்கு இவ்வளவு என்று நில உரிமையாளருக்கே கொடுத்தது, எவ்வளவு ஏக்கர் இருந்தாலும். வசதியுள்ளவர்கள் தாமாக விட்டுக்கொடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். விட்டுக்கொடுக்கும்படி வேண்டுகோள் விடுவது எவ்வளவு எளிது பாருங்கள். வாரக்காரரைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அவர் யாரென்று ஒரு தாளில் இருக்க வேண்டும். வங்கத்தில் எழுபதுகளின் கடைசியில் ஆபரேஷன் பர்கா என்று ஊர் ஊராகப் போய் அவர்கள் பெயரைப் பதிந்ததால்தான் நாற்பது வருஷம் கழித்துக் காசு அனுப்ப ஒரு பட்டியல் இருந்தது.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில், நீதியைப் பற்றிய ஐந்தாம் புத்தகத்தில், ஒரு விஷயம் சொல்கிறார். சட்டம் பொதுவாகத்தான் பேச முடியும், வாழ்க்கை தனித்தனியாக நடக்கிறது. ஆகவே சட்டத்தில் எந்தப் பிழையும் இல்லாமலே அது ஓர் இடத்தில் தவறிப்போகும். அப்போது சட்டம் இயற்றியவர் இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் செய்வதுதான் நேர்மை. அதற்கு அவர் கொடுக்கும் உவமை லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்களின் ஈய அளவுகோல். இரும்புக் கோல் கல்லின் வடிவத்துக்கு வளையாது, ஈயக் கோல் வளையும்.

அம்மா செய்தது ஈயக் கோல் வேலை என்று கொஞ்ச நாள் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சட்டத்தின் நோக்கம் விவசாயிக்கு உதவுவது, விவசாயம் செய்வது அந்த அக்கா, பணம் அங்கே போனது. முடிந்தது. பிறகு சந்தேகம் வந்தது. சட்டத்தை இயற்றியவர்கள் இங்கே வந்து நின்றால் குத்தகைக்காரருக்குக் கொடு என்றா சொல்வார்கள்? அவர்கள் மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் விட்டார்கள். ஆகவே இது விதியின் நோக்கத்தைக் காப்பாற்ற வளைத்தது அல்ல, நோக்கத்தையே மாற்றியது. அது சட்டமன்றத்தில் செய்ய வேண்டிய வேலை, ஏ.டி.எம்.மில் அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஈயக் கோல் யார் கையில் இருந்தாலும் வளையும். 2020-இல் ஐந்தரை லட்சம் பேரைச் சேர்த்த தரகர்களில் ஒருவராவது "பாவப்பட்ட ஜனங்களுக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்" என்று சொல்லியிருப்பார். அம்மா கமிஷன் எடுக்கவில்லை என்பது ஒரு வித்தியாசம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த வித்தியாசம் அம்மாவின் குணத்தைச் சொல்கிறதே தவிர, அந்தச் செயலை நியாயப்படுத்துகிறதா?

இப்படியெல்லாம் யோசித்து, அந்தப் பொங்கல் லீவு முடிவதற்குள், ஆறாயிரம் ரூபாயைத் திருப்பிச் செலுத்திவிட்டேன். பி.எம்.கிசான் தளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. என் சம்பளக் கணக்கிலிருந்து போனது. ரசீதை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா கண்ணாடி போட்டுப் போனைப் பார்த்தார். பிறகு ரொம்ப நிதானமாக, "பட்டாவ என் பேருக்கு மாத்தியிருந்தா அது என் பணம்டா. தெரியுமில்ல?" என்றார்.

எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி விதிகளைத் திரும்பப் படித்தேன். அம்மா சொன்னது சரி. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் கைமாறினால் புதியவருக்குப் பணம் கிடையாது, ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தால் உண்டு. அம்மா வாரிசு. வரி கட்டுவதில்லை. என் சம்பளம் அவர் கணக்கில் சேராது, ஏனென்றால் திட்டத்தின்படி நான் அவர் குடும்பமே இல்லை. பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றி, ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால், எந்தக் கோலையும் வளைக்காமல் வருஷா வருஷம் ஆறாயிரம் வந்திருக்கும். காப்பித் தோட்டத்தை நடத்துகிற பெண் கணினியிலும் விவசாயியாக இருந்திருப்பார். அரசாங்கம் அவரை வெளியே நிறுத்தவில்லை. விடுதலைப் பத்திரம் நிறுத்தியது. அதாவது நான்.

கிளம்பும்போது அம்மா இன்னொன்றும் கேட்டார். "அந்தப் புள்ளைக்கு அவ்வளவு பாக்குற ஆளு, குத்தகைல ஆறாயிரம் கொறைக்க வேண்டியதுதான?" நான் சிரித்து மழுப்பினேன். அடுத்தவர் காசில் தானம் செய்வது தவறு என்று மூன்று நாள் பிரசங்கம் செய்தவனுக்குத் தன் காசில் செய்ய மனசு வரவில்லை. தை மாசக் கணக்கில் இருபத்தைந்தாயிரம் அப்படியே வாங்கினோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2024 அக்டோபரில் காட்டுமாடுகள் இறங்கின. எங்கள் பக்கம் இது புதுசில்லை. ஒரு மாடு முக்கால் டன் வரும், வேலியெல்லாம் அதற்கு நூல். ஒரே ராத்திரியில் பறிப்புக்கு வந்த பீன்ஸில் பாதி போய்விட்டது. அந்த அக்கா போன் பண்ணினார். வனத்துறையில் நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம், பட்டா நகலும், நிலத்தை அவர்தான் குத்தகைக்குச் செய்கிறார் என்று என் கையெழுத்தில் ஒரு கடிதமும் வேண்டும் என்றார். "ஒரு லெட்டர் மட்டும் போதும் தம்பி. வாட்ஸ்அப்ல அனுப்புனாக்கூட பிரிண்ட் எடுத்துக்கிறோம்."

சரிக்கா என்று சொல்லிவிட்டு வக்கீலாக இருக்கும் ஒரு நண்பனுக்குப் போன் பண்ணினேன். பழக்க தோஷம். அவன், "எழுத்துல குடுத்துடாதடா" என்றான். தமிழ்நாட்டில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969-இல் தனிச் சட்டம். பதிவாகிவிட்டால், பாக்கி வைப்பது போன்ற சில காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. உழுகிறவர்களைக் காப்பாற்ற வந்த சட்டங்கள், நல்ல சட்டங்கள். அவற்றின் விளைவு என்னவென்றால் எங்கள் ஊரில் ஒரு குத்தகைகூடத் தாளில் இல்லை. வாய்ப்பேச்சுதான். தாளில் இல்லாததால் வங்கியில் பயிர்க்கடன் கேட்பதற்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், காட்டுமாட்டுக்கு நஷ்டஈடு வாங்குவதற்கும் அவர்கள் நில உரிமையாளரின் மனசைப் பார்த்து நிற்க வேண்டும். அரசாங்கம் குத்தகைக்காரரைப் பார்க்காததற்குக் காரணம் அரசாங்கத்தின் கண் மட்டும் அல்ல. நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம்.

நான் கடிதம் எழுதவில்லை. எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ஊருக்கு வரும்போது பாத்துக்கலாம்க்கா" என்றேன். ரெண்டு வாரம் கழித்துத்தான் போனேன். அதற்குள் அவர் மிச்சத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைத்திருந்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. காப்பி கொடுத்தார், குடித்தேன்.

திருப்பிச் செலுத்திய ஆறாயிரத்தையும் எழுதாத அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதலாவதில் எனக்கு இழப்பு ஒரு தொகை, அதுவும் வலிக்காத தொகை. இரண்டாவதில் இழக்கக்கூடியது ஒன்றேகால் ஏக்கரின் மேல் எனக்கிருக்கும் பிடி. நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, தளம் இருக்கும், ரசீது வரும் இடங்களில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. நான் சட்டத்தை மீறவில்லை என்பதும் உண்மைதான். எந்த விதியும் அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லவில்லை.

என் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிலம் ஒன்றுதான் அப்பா விட்டுப்போனது. வேலை எப்போது போகும் என்று தெரியாத தொழில் என்னுடையது. போன வருஷம் என் குழுவில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் இதை அந்த அக்காவிடம் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்த்தேன். நன்றாக இல்லை.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டார்கள். ஆதாரையும் பட்டாவையும் இணைத்து ஓர் எண், இனி எல்லா மானியமும் இதை வைத்துத்தான் என்றார்கள். அம்மா என்னை வரச் சொன்னார். கம்ப்யூட்டர் வைத்திருந்த பெண் என் ஆதாரைத் தட்டினார், சர்வே எண்கள் வரிசையாக வந்தன. காய்கறிப் பூமியின் எண்ணும் அதில். "நீங்கதான விவசாயி?" என்று கேட்டார். வரிசையில் பின்னால் இருபது பேர். நான் ஆமாம் என்றேன். ஓடிபி வந்தது, சொன்னேன். என் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார், அவர் கேட்கவும் இல்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். விடுதலைப் பத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், "இப்ப எதுக்கு அது?" என்றாள். காப்பித் தோட்டத்தை அம்மா பெயருக்குத் தானமாக எழுதலாம் என்று இருக்கிறேன் என்றேன். அப்படி எழுதினாலும் அம்மாவுக்கு இப்போது பி.எம்.கிசான் கிடைக்காது. உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து கைமாறும் நிலம் கணக்கில் வராது, தேதி தாண்டிவிட்டது. தங்கச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அம்மாட்ட கேட்டியா?" என்றாள்.

இன்னும் கேட்கவில்லை. குத்தகைப் பேச்சு தையில்தான். ரெண்டு பத்திரத்துக்கும் வரைவு லேப்டாப்பில் இருக்கிறது. அம்மாவுக்கானது முடிந்துவிட்டது. அக்காவுக்கானதில் எத்தனை வருஷம் என்று போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.